மூன்றாம் அறிக்கை

ஒன்பது வருஷமாகச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்த அந்தோணியார், அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

இருதயம்மாள் முதலில் அதைக் கவனிக்கவில்லை. எழுந்ததும் சிலுவை வரைந்துகொண்டாள், ஸ்டவ்வில் தண்ணீர் வைத்தாள், பீடத்துக்கு மெழுகுவத்தி ஏற்றப் போனாள். குச்சியைக் கிழித்த வெளிச்சத்தில் எதிரே ஒரு முகம் தெரிந்தது. அறுபத்தெட்டு வயதில் ஒருத்தி தன் வீட்டு அந்தோணியார் சுரூபத்தைக் கண்டு பயந்தாள் என்றால் தெரு சிரிக்கும். ஆனாலும் பயந்தாள். குச்சி விரலைச் சுட்ட பிறகுதான் கீழே போட்டாள்.

அவரைச் சுவர்ப்பக்கம் நிறுத்தியவள் அவளேதான். அறுபத்தாறாம் வருஷத்துப் புயலில் மகன் ஹென்றி போன படகு திரும்பி வரவில்லை. "காணாமப் போனத கண்டுபுடிச்சிக் குடுக்கறவராமே நீ! என் புள்ளய குடு, அப்புறமா என் மூஞ்சிய பாரு" என்று சொல்லி அந்தோணியாரைத் திருப்பி வைத்தாள். ராயபுரத்தில் அவருக்கு இப்படித் தண்டனை கொடுத்த அம்மாக்கள் நிறைய. கேட்டது கிடைத்ததும் திருப்பி வைத்து, ஒரு மெழுகுவத்தியும் கொளுத்திச் சமாதானம் செய்துகொள்வார்கள்.

எட்டாம் நாள் ஹென்றியின் உடல் கிடைத்தது. காசிமேட்டுக் கல்லறையில் அடக்கமும் ஆயிற்று. அந்தோணியாரை மட்டும் அவள் திருப்பவில்லை. ஏன் என்று மருமகள் பிலோமி இரண்டொரு தடவை கேட்டாள். திட்டு வாங்கியதோடு விட்டுவிட்டாள்.

"ரோசி! இத நீ திருப்புனியா?"

பாயில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த ஒன்பது வயசுப் பேத்தி தலையை ஆட்டினாள். "நா தொடல ஆயா."

"நானும் தொடல அத்த" என்றாள் பிலோமி, தலையை முடிந்துகொண்டே. "ஒட்டடை அடிக்கறப்போ கூட அந்தப் பக்கம் போவாதன்னு நீதானே கத்துன?"

பின்கதவின் நாதாங்கி கழன்றிருந்தது. நான்தான் மறந்திருப்பேன் என்றாள் பிலோமி. பீடத்தடியில் கொஞ்சம் மணல் கிடந்தது. கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிற வீட்டில் மணல் இல்லாத நாள் ஏது? இருதயம்மாள் பெருக்கித் தள்ளினாள். மணல் ஈரமாக இருந்ததால் துடைப்பத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

இந்த வீட்டுக்குள் இப்போதுதான் காலெடுத்து வைப்பவர்களுக்காக இரண்டு வார்த்தை. புதன்கிழமை பிலோமிக்குக் கல்யாணம். பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டில் பிட்டர் வேலை பார்க்கும் சவரிநாதன் மாப்பிள்ளை. மனைவியை இழந்தவன், பிள்ளை கிடையாது, அதிகம் பேசாதவன். மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்தவள் சாட்சாத் மாமியார்தான். மருமகளுக்கு மாமியாரே மாப்பிள்ளை பார்த்த அதிசயத்தைத் தெரு இன்னும் மென்று முடிக்கவில்லை. கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண அறிக்கை வாசித்தாகிவிட்டது. மூன்றாவதும் கடைசியுமான அறிக்கை இன்று.

போன ஞாயிறு பூசை முடிந்து வரும்போது கல்லறைத் தோட்டத்து அம்புரோஸ் அவளை நிறுத்திச் சொன்னதையும் சொல்லிவிட வேண்டும். "உங்க ஹென்றி கல்லறைல ஒரு வாரமா யாரோ மெயுகுவத்தி கொளுத்திகினு கீறாங்க ஆயா. நா வந்து வாசக் கேட்ட தொறக்கறதுக்கு முந்தியே எரிஞ்சிகினு கீது." பிலோமி போயிருப்பாள் என்று அவனுக்குப் பதில் சொன்னாள். பிலோமி போகவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

இன்று நவம்பர் இரண்டு. கல்லறைத் திருநாள்.

* * *

காலைப் பூசையில் கோயில் நிரம்பி வழிந்தது. பெண்கள் பக்கத்தில் தூணோரமாக இருதயம்மாளின் இடம். முப்பது வருஷமாக அந்த இடத்தில் வேறு ஒருத்தி முழங்கால் போட்டதில்லை. போட்டால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

பக்கத்தில் பிலோமி முக்காட்டை இழுத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது நுனிகள் சிவந்திருந்தன. முப்பத்திரண்டு வயசு. இந்தக் காதில் ஒன்பது வருஷமாகக் கம்மல் கூட இல்லை. இப்போது சவரிநாதன் வாங்கிக் கொடுத்த சின்னக் கல் கம்மல் போட்டிருந்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் இருதயம்மாளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அது பொய்ச் சந்தோஷமில்லை. அதுதான் அவளுடைய கஷ்டம்.

பிரசங்கம் முடிந்தது. லியோனார்ட் சாமியார் காகிதத்தை எடுத்தார்.

"இக்கோயில் பங்கைச் சேர்ந்த காலஞ்சென்ற ஹென்றியின் கைம்பெண் பிலோமினாளுக்கும், சவரிநாதனுக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது. இது மூன்றாம் அறிக்கை. இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் அதை வெளிப்படுத்தக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

சொல்லிவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எப்போதும் துடைப்பார். அந்த நேரத்தில் யாராவது இருமுவார்கள், குழந்தை அழும், அடுத்த பாட்டு ஆரம்பித்துவிடும். இன்று யாரும் இருமவில்லை. கடல் பக்கத்து ஜன்னல் கதவு ஒன்று தானாகத் திறந்து, தானாக மூடிக்கொண்டது.

இருதயம்மாள் எழுந்து நின்றிருந்தாள்.

எழ வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. யாரோ தோளைத் தொட்டுத் தூக்கிவிட்டது போலிருந்தது. சாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். ஆண்கள் பக்கத்தில் சவரிநாதன் திரும்பிப் பார்த்தான். பிலோமி மட்டும் நிமிரவில்லை. ஆனால் அவள் கை மாமியாரின் புடவை நுனியைப் பிடித்துக்கொண்டது.

"இன்னா பாட்டிமா? மயக்கமா?" என்றாள் பின்னாலிருந்த ஒருத்தி.

"முட்டி" என்றாள் இருதயம்மாள். உட்கார்ந்துவிட்டாள்.

பாட்டு ஆரம்பித்தது. அவளுக்கு ஒரு வரியும் வாயில் வரவில்லை.

* * *

மத்தியானம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ரோசி சாமந்திப் பூவைக் கோத்துக்கொண்டிருந்தாள். பிலோமி வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து மாமியாருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏன் அத்த எழுந்த?"

"முட்டி மரத்துப் போச்சின்னேனே."

"சாமியார்கிட்ட சொல்லு அத. என்கிட்ட சொல்லாத."

இருதயம்மாள் வெற்றிலையின் நரம்பை உரித்தாள். உரித்த நரம்பையே மறுபடியும் உரித்தாள்.

"எனக்கு இந்தக் கல்யாணம் வோணும் அத்த" என்றாள் பிலோமி. குரல் உயரவில்லை. "நீ சொன்னதால தான் சரின்னேன். இப்போ நீ வாணாம்னாலும் எனக்கு வோணும். வெக்கத்த வுட்டு சொல்றேன். அவரு ரோசிக்கு சிலேட்டு வாங்கியாந்தாரு. அன்னிக்கி ரோசி அவர நைனான்னு கூப்புட்டுச்சி. உன் மனசுல இன்னா கீதோ அத இப்போ சொல்லிடு. புதன்கெயமைக்கு அப்புறமா சொல்லாத."

"ஒண்ணியும் இல்லடி."

"அப்போ அந்தோணியார ஏன் ஒம்போது வருசமா செவுத்த பாக்க வெச்ச? உடம்பு தான் கெடச்சிடுச்சே?"

இருதயம்மாள் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். அவளிடம் பதில் இருந்தது. அதை அவள் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கூடச் சொன்னதில்லை. பாவத்தைத்தானே சொல்ல வேண்டும், சந்தேகத்தைச் சொல்ல வேண்டும் என்று எந்த ஞானோபதேசத்தில் இருக்கிறது என்று தனக்குத்தானே வாதாடி ஜெயித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நாள் அவளுக்கு நேற்றுப் போல இருந்தது.

காற்று எழுந்ததும், கட்டிப்போட்டிருந்த படகைத் துறைமுகத்துக்குள் கொண்டுபோய் விட இரண்டு பேர் போனார்கள். ஹென்றி ஒருவன். அவனுடைய தோஸ்து கன்னியப்பன் இன்னொருவன். கன்னியப்பன் எதிர்வீட்டு மீன்காரி கெங்கம்மாவின் ஒரே பிள்ளை. இரண்டு பேரும் ஒரே உயரம், ஒரே காக்கி அரை டிராயர். இரண்டு பேர் கழுத்திலும் இருதயம்மாள் தைத்துக் கொடுத்த உத்தரியம்.

கடலுக்குப் போகிற பிள்ளைகளுக்கு, மாதா காவலாக இருக்கட்டும் என்று, உத்தரியம் தைப்பது அவள் வழக்கம். காவித் துணியில் தீப்பெட்டி அளவுக்கு இரண்டு சதுரம், கழுத்தில் மாட்ட நூல், மூலையில் சிவப்பு நூலால் ஒரு சின்னச் சிலுவை. கன்னியப்பன் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற வீட்டுப் பிள்ளை. "எனக்கும் ஒண்ணு குடு பெரிம்மா, மாதா என்னிய மட்டும் தள்ளி வுட்ருமா இன்னா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டான். கொடுத்தாள். ஆனால் ஹென்றியின் உத்தரியத்துக்குள் மட்டும் குருத்து ஞாயிறன்று கோயிலில் மந்திரித்த ஓலையை மடித்து வைத்துத் தைத்திருந்தாள். வேறு சாமி கும்பிடுகிற பிள்ளைக்கு மந்திரித்த ஓலை எதற்கு என்று அப்போது ஒரு கஞ்சத்தனம். ஒரு முழ ஓலை. அதில் மிச்சம் பிடித்தாள்.

எட்டாம் நாள் எண்ணூர் முகத்துவாரத்தில் ஒரு உடல் ஒதுங்கியது. கெங்கம்மா புயலில் கூரை விழுந்து கால் ஒடிந்து கிடந்தாள். "நீ போய் பாருக்கா. ரெண்டுல எந்தப் புள்ளயா இருந்தாலும் மெய்யா சொல்லிடு. உன் கண்ணு என் கண்ணு" என்று கையைப் பிடித்துக்கொண்டு அனுப்பினாள்.

முகம் என்று ஒன்றும் இல்லை. கழுத்தில் உத்தரியம் இருந்தது. சிவப்புச் சிலுவை இருந்தது. இருதயம்மாள் குந்தி உட்கார்ந்து அந்தச் சதுரத்தை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தாள். உள்ளே ஒன்றும் தட்டுப்படவில்லை. துணி மட்டும்தான். எட்டு நாள் உப்புத் தண்ணியில் ஊறினால் ஓலை கரைந்து போகாதா என்று நினைத்தாள். கரையாது என்று அவளுக்குத் தெரியும். ஓலைப்பாயைக் கடல் மாசக்கணக்கில் வைத்திருந்து முழுசாகத் திருப்பித் தருவதை அவள் பார்த்திருக்கிறாள்.

போலீஸ்காரர் கேட்டார். "உன் பையன் தானா?"

பின்னால் கடல் இரைந்துகொண்டிருந்தது. கடலில் சிலுவை நட முடியாது. தீர்த்தம் தெளிக்க முடியாது. வருஷத்துக்கு ஒரு நாள் போய் உட்கார்ந்து அழ ஒரு முழ மண் கிடையாது. இறந்துபோன அவள் புருஷன் கஸ்பார், துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், அடிக்கடி சொல்வார்: "கடல் எடுத்தத கடலே குடுக்கும். நீயா கைய வுட்டு எடுக்காத."

அவள் கையை விட்டு எடுத்தாள். "என் புள்ள தான்" என்றாள்.

வீட்டுக்கு வந்து கெங்கம்மாவிடமும் சொன்னாள். "ஹென்றிதான். உன் புள்ள இல்ல." கெங்கம்மா அழுதாள். நடுவில் சிரித்தாள். "அப்போ எங்கினா கீறான். கரை ஏறிட்டிருப்பான்" என்றாள். அன்று சாயங்காலமே பிள்ளைக்கு ஒரு தட்டில் சோறு போட்டு மூடி வைத்தாள். இன்றுவரை தினமும் வைக்கிறாள்.

* * *

நாலு மணிக்கு வாசலில் குரல் கேட்டது.

"யக்கா! பொறப்ட்டியா? மழ வர மாரி கீது."

கெங்கம்மாதான். ஒரு கால் சற்று இழுத்து நடப்பாள். இடுப்பில் கூடை நிறையக் கோழிக்கொண்டைப் பூ. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அவள் வருவாள். "என் புள்ளையோட தோஸ்து. அவன் வர வரிக்கும் அவனுக்கு பதிலா நான்தானே வரணும்" என்பாள். அவள் வருவதை வேண்டாம் என்று சொல்ல இருதயம்மாளுக்கு எட்டு வருஷமாக வாய் வரவில்லை.

நாலு பேரும் நடந்தார்கள். காசிமேட்டுப் பாதை முழுக்க வெள்ளைப் புடவைகளும் மெழுகுவத்திக் கட்டுகளுமாக ஜனம். வாசலில் ஊதுவத்தி விற்கிறவர்களின் சத்தம். உள்ளே போனதும் அந்தச் சத்தம் சட்டென்று குறைந்துவிட்டது.

சவரிநாதன் முன்னாடியே வந்திருந்தான். நாலு வரிசை தள்ளி முதல் மனைவியின் கல்லறைக்கு முன்னால் நின்றுகொண்டு, இவர்களைப் பார்த்ததும் தலையை மட்டும் அசைத்தான். பிலோமியும் அசைத்தாள். நல்ல மனுஷன். செத்தவளுக்கும் மரியாதை கொடுக்கத் தெரிந்தவன் என்பதால்தான் இருதயம்மாள் அவனைத் தேர்ந்தெடுத்தாள்.

ஹென்றியின் கல்லறைக்கு யாரோ சுண்ணாம்பு அடித்திருந்தார்கள்.

இரண்டாம் தடவை பூச்சு. இன்னும் காயவில்லை. தலைமாட்டுச் சிலுவைக்குக் கீழே ஒரு மெழுகுவத்தி பாதி எரிந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் பூவால் ஒரு சிலுவை. வாங்கின பூ இல்லை. கடற்கரை மணலில் கொடியோடிக் கிடக்குமே, அந்த ஊதாப் பூ.

"அம்புரோசு! யாருடா வந்தது?"

அம்புரோஸ் மண்வெட்டியோடு வந்தான். "காத்தால ஒரு ஆளு ஆயா. மழ தூறிகினு இருந்துச்சி, தலைல சாக்க போட்டுகினு கீறாரு. உங்க வூட்டு ஆளுன்னு நெனச்சேன். சரியா எந்தக் கல்லறன்னு கூட கேக்கல. நேரா வந்தாரு."

"மூஞ்சி?"

"பாக்கல. ஒரு தபா கூப்டேன். திரும்பல."

கெங்கம்மா கல்லறையின் தலைமாட்டில் உட்கார்ந்து ஈரச் சுண்ணாம்பு படாமல் பூவை வைக்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் கையை எடுத்து மார்பில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு வருசா வருசம் இந்த எடத்துல இப்டித்தான் ஆவுது யக்கா. சொல்ல வெக்கமா கீது. மாரு கனக்குது. பால் கட்டுனா மாரி. இத்தினி வயசுக்கு மேல இன்னா பாலு?"

இருதயம்மாள் குனிந்து மெழுகுவத்திக் கட்டைப் பிரிக்கத் தொடங்கினாள்.

"ஆயா, இங்க இன்னாவோ கீது" என்றாள் ரோசி. பூச்சிலுவையைத் தூக்கிப் பார்த்துவிட்டாள். அதற்கடியில், ஒரு சப்பைக் கல்லுக்குக் கீழே, காவித் துணிச் சதுரம். ரோசி அதை நூலைப் பிடித்துத் தூக்கினாள். இன்னொரு சதுரமும் கூடவே வந்தது.

உத்தரியம்.

இருதயம்மாள் வாங்கிப் பார்த்தாள். துணி வெளுத்து, ஓரம் நைந்து, கறுத்துப் போயிருந்தது. மூலையில் சிவப்பு நூல் சிலுவை. சிலுவையின் மேல்கை கொஞ்சம் கோணல். அன்று ஊசி குத்திய விரலோடு தைத்தது. கழுத்து நூல் மட்டும் புதுசு. யாரோ அதை இவ்வளவு நாளும் போட்டுக்கொண்டிருந்து, பழைய நூல் அறுந்ததும் மாற்றியிருக்கிறார்கள்.

அவள் அந்தச் சதுரத்தை இரண்டு விரலால் அழுத்தினாள்.

சரக் என்றது.

மறுபடியும் அழுத்தினாள். உள்ளே ஓலை இருந்தது.

அப்படியே கையை மூடிக்கொண்டாள். காதில் கடல் இரைந்தது. காசிமேட்டுக் கல்லறையில் கடல் எப்போதும் கேட்கும், ஆனால் இப்போது அது எண்ணூர்க் கடல். சுரூபம் திரும்பியிருந்ததும், ஈர மணலும், இந்த மெழுகுவத்தியும் ஒன்றாக வந்து அவளைச் சூழ்ந்து நின்றன. உயிரோடிருக்கிறவன் வந்தானா? இல்லை, தன் பேரில் இன்னொருவன் படுத்துக் கிடப்பதைப் பொறுக்காமல் செத்தவன் வந்தானா? இரண்டில் எதற்குப் பயப்படுவது என்று கூட அவளுக்குத் தெரியவில்லை.

"கைல இன்னா யக்கா?" என்றாள் கெங்கம்மா.

இருதயம்மாள் மூடிய கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

சாமியார் வரிசை வரிசையாக வந்துகொண்டிருந்தார். முன்னால் தீர்த்தச் செம்பு, பின்னால் தூபம். ஒவ்வொரு கல்லறையிலும் நின்று, "யாருக்கு?" என்று கேட்பார். வீட்டில் பெரியவர் பெயரைச் சொல்ல வேண்டும். அந்தப் பெயரைச் சொல்லி மன்றாடி, தீர்த்தம் தெளிப்பார். யார் பெயர் சொல்லப்படுகிறதோ அந்த ஆத்துமத்துக்கு அந்தத் தீர்த்தம். எட்டு கல்லறைத் திருநாளிலும் இருதயம்மாள் "ஹென்றி" என்றுதான் சொன்னாள். கீழே படுத்திருந்தவனுக்கு ஒரு சொட்டும் போய்ச் சேரவில்லை.

நாலு கல்லறை தள்ளி வந்துவிட்டார்.

பிலோமி மாமியாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டுகொண்டாளா? காதில் அந்தக் கம்மல் மினுங்கியது. இன்னும் மூன்று நாள். மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பிலோமிக்குப் புருஷன், ரோசிக்குத் தகப்பன். இந்த உத்தரியத்தை அடுப்பில் போட்டால் ஒரு நிமிஷத்தில் எரிந்துவிடும். மந்திரித்த பொருளை எரிக்கத்தான் வேண்டும், தூக்கி எறியக் கூடாது என்று சபையே சொல்கிறது. சாத்தான் எவ்வளவு ஒழுங்காக ஞானோபதேசம் படித்திருக்கிறான் பாருங்கள்.

ஆனால் ஹென்றி எங்கேயாவது மூச்சு விட்டுக்கொண்டிருந்தால்? பிலோமி புதன்கிழமை பீடத்தின் முன் நின்று செய்கிற சத்தியம் என்னவாகும்? அந்தப் பாவம், ஒன்றும் அறியாத பெண்ணின் கணக்கில் விழுமா, அறிந்தே தள்ளிவிட்ட மாமியார் கணக்கிலா?

இரண்டு கல்லறை.

கெங்கம்மா சுண்ணாம்புக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கல்லறையைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தூங்குகிற பிள்ளையைத் தட்டுவது போல. தெரியாமலே தட்டிக்கொண்டிருந்தாள்.

அதைப் பார்த்ததும் இருதயம்மாளுக்கு ஒன்று விளங்கியது. கல்யாணம் நின்றால் பிலோமி அழுவாள், திட்டுவாள், ஒருநாள் மன்னிப்பாள். இப்போதும் வாயை மூடிக்கொண்டால், இந்தத் தட்டுகிற கைக்கு மட்டும் தன்னிடம் இனிமேல் பதில் கிடையாது.

"யாருக்கும்மா?" என்றார் லியோனார்ட் சாமியார். கேட்கும்போதே கை தீர்த்தத்துக்குப் போய்விட்டது. பெயர் அவருக்குத் தெரியும்.

"கன்னியப்பன், சாமி."

தீர்த்தக் கை நின்றது.

"யாரு?"

"கன்னியப்பன். கெங்கம்மா புள்ள." அவள் கல்லறையைக் காட்டினாள். "இங்க படுத்துகினு கீறது அவன்தான். என் புள்ள இல்ல. அன்னிக்கி எண்ணூர்ல நா பொய் சொன்னேன்."

தூபக்காரன் தூபத்தை ஆட்டுவதை நிறுத்திவிட்டான். நாலு வரிசை தள்ளி சவரிநாதன் திரும்பினான்.

கெங்கம்மா எழவில்லை. கத்தவில்லை. தட்டிக்கொண்டிருந்த கை மட்டும் அப்படியே கல்லறை மேல் படிந்து நின்றது, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பது போல. பிறகு நிமிர்ந்தாள்.

"உனக்கு அன்னிக்கே தெரியுமா யக்கா?"

"சந்தேகமா இருந்துச்சி."

"நா தட்டு வெச்சிகினு இருந்தேனே" என்றாள் கெங்கம்மா. "ஒம்போது வருசமா. நீ எதுர் வூட்லருந்து பாத்துகினு தானே இருந்த?"

இருதயம்மாளுக்கு மண்ணில் முழங்கால் போடத்தான் தெரிந்தது. போட்டாள். முட்டி இப்போது வலிக்கவில்லை. கெங்கம்மா அவளைத் தொடவும் இல்லை, தள்ளவும் இல்லை. சாமியாரைப் பார்த்து, "ஊத்து சாமி" என்றாள். "உங்க தண்ணி தானே? அவன் கேட்டு தான் அந்தத் துணிய கட்டிகினான். ஊத்து."

சாமியார் மறுபடியும் தீர்த்தத்தில் கையை நனைத்தார். பிறகு அந்தப் பெயரைச் சொல்லி, நித்திய இளைப்பாற்றி கேட்டு மன்றாடினார். தீர்த்தம் ஈரச் சுண்ணாம்பில் புள்ளி புள்ளியாக விழுந்தது.

பிலோமி குனிந்து மாமியாரின் கையைப் பிரித்தாள். திட்டவில்லை. எடுத்தது உத்தரியம் என்று தெரிந்ததும் அதைத் திருப்பிப் பார்த்தாள். புது நூலின் முடிச்சில் அவள் விரல் நின்றது.

ஹென்றி இடது கைக்காரன். வலை முடிச்சை எல்லோருக்கும் எதிர்ப்பக்கமாகப் போடுவான். ரோசிக்குத் தூளி கட்டினபோது அவன் போட்ட முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல், ஒவ்வொரு தடவையும் அவன் கடலிலிருந்து வரும்வரை பிலோமி காத்துக்கொண்டிருப்பாள். கடைசித் தடவை அவன் வரவில்லை. அந்தத் தூளியை அவள் அரிவாள்மணையில் அறுத்துத்தான் எடுத்தாள்.

மழை தூற ஆரம்பித்தது. மெழுகுவத்திகள் ஒவ்வொன்றாக அணைந்தன. சவரிநாதன் குடையை விரித்துக்கொண்டு இவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தான்.

பிலோமி அவனைப் பார்க்கவில்லை. இரண்டு கை நகத்தாலும் அந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். அவளுக்கு வரவில்லை.